கூலிக்கு எடுத்த படமும் ஆசைக்கு எடுத்த படமும்

(கொல்கத்தாவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற புகைப்படக் காட்சியின்போது நிகழ்த்திய உரை)



இம்மண்டபத்தின் இரு சுவர்களிலும் எங்கள் படங்கள் முப்பத்திரண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவற்றைப் பற்றி நாங்களே சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று செயலாளர் பணித்துவிட்டார். காமிராவுக்குப் பின்னால் நின்றே பழகியவர்கள் நாங்கள்; ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பது புதிது. ஆதலின் அண்ணன் எழுதத் தங்கை திருத்தி, இருவரும் ஒப்பிய பிறகே இவ்வுரையைக் கொண்டு வந்திருக்கிறோம். எந்தப் படத்தை யார் எடுத்தது என்று வாயிலில் சிலர் கேட்டார்கள். அதைச் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் நெடுநாளைய ஏற்பாடு. கடைக்கு ஒரே பெயர். படத்துக்கும் ஒரே பெயர்.

எங்கள் கடையை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். தந்தையார் 1958-இல் கும்பகோணத்திலிருந்து வந்து, சில காலம் வேறொருவரிடம் வேலை பார்த்து, பிறகு லேக் மார்க்கெட்டுக்கு அருகில் ஒரு மாடிப்படியின் அடியில் திறந்த கடை அது. இன்றும் அதே மாடிப்படியின் அடியில்தான் இருக்கிறது. காலையில் காப்பிப்பொடியும் வாழையிலையும் வாங்க வருகிறவர்கள் அப்படியே உள்ளே நுழைந்து, "நாலு பாஸ்போர்ட் படம் வேணும், பத்து நிமிஷத்துல ஆகுமா?" என்று கேட்பார்கள். ஆகும். 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம், பின்னால் வெள்ளைத் திரை, சிரிக்கக் கூடாது, இரு காதும் தெரிய வேண்டும். இதுவே எங்கள் சோறு. கல்யாணம், காதுகுத்து, வங்காளிகளின் அன்னப்பிராசனம், பள்ளிக்கூடத்துக் குழுப்படம் ஆகியவை எல்லாம் அந்தச் சோற்றுக்குக் குழம்பும் ரசமும் போல.

இந்தக் கூலி வேலையை இழிவாகப் பேசுகிற கலைஞர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். அவர்களோடு எங்களுக்கு ஒப்புதல் இல்லை. ஒரு நாளைக்கு இருபது முகங்களை ஒரே வெளிச்சத்தில், ஒரே ஸ்டூலில் வைத்துப் பார்க்கிறவனுக்கு முகம் என்றால் என்ன என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படத் தொடங்குகிறது. காமிராவைக் கண்டதும் முகம் ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறது. சாத்துவதற்கு முன் ஒரு கணமும், படம் முடிந்தது என்று எண்ணி மூச்சு விடும்போது ஒரு கணமும் உண்டு. பாஸ்போர்ட் படத்துக்கு அவ்விரு கணங்களும் உதவா. மற்ற எல்லாப் படங்களுக்கும் அவையே உயிர். கூலிக்கு எடுத்த படம் கற்றுக்கொடுத்ததை ஆசைக்கு எடுத்த படத்தில் பயன்படுத்துகிறோம், அவ்வளவே.

இனிச் சுவருக்கு வருவோம். இடப்பக்கம் முதலில் உள்ள நான்கும் டிராம் வண்டிகள்.

கொல்கத்தாவில் டிராம் முதன்முதல் ஓடியது 1873 பிப்ரவரி 24-ஆம் நாள்; சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை, குதிரைகள் இழுத்து ஓடியது. மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது 1902-இல். அந்த முதல் ஓட்டத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவை 2023-இல் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே, 2024 செப்டம்பரில், மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு தடத்தை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துவதாக மாநில அரசு அறிவித்தது. அதற்கு முன்பே தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. விவகாரம் நீதிமன்றத்துக்கும் சென்றது. அந்த வழக்காடலுக்குள் நாங்கள் புக விரும்பவில்லை. நெரிசலுக்கு டிராம் காரணமா, டிராமுக்கு நெரிசல் காரணமா என்பதில் எங்கள் இருவருக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை.

நம்மில் பலருக்கு இந்நகரின் முதல் நினைவு ராஷ்பிஹாரி அவென்யூவில் ஓடி வந்த டிராமின் மணியோசையாகவே இருக்கும். வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபரில் டிராமில் அடிபட்டதும் அதே சாலையில், தேசப்பிரியா பூங்காவுக்கு அருகில்தான். சில நாட்களுக்குப் பின் அவர் காலமானார். அவ்வளவு மெதுவாகச் செல்லும் வண்டியில் ஒரு கவிஞர் அடிபட்டார் என்பதை வங்காளிகள் இன்றும் நம்ப மாட்டாதவர்கள் போலவே சொல்வார்கள்.

டிராமைப் படம் எடுப்பது எளிது என்று எண்ண வேண்டா. நிறுத்திப் பிடித்தால் அது வெறும் தகரப் பெட்டியாகத் தெரியும். ஆகவே ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து, வண்டி செல்லும் வேகத்துக்கே காமிராவைத் திருப்பிக்கொண்டு சென்றோம். அப்போது வண்டி தெளிவாகவும் நகரம் கலங்கியும் விழும். நூறு தடவை எடுத்தால் ஒன்று தேறும். மூன்றாவது படத்தைச் சற்று நின்று பாருங்கள். கடைகள், ஸ்கூட்டர்கள், விளம்பரப் பலகைகள் எல்லாம் வெறும் கோடுகளாக ஓடுகின்றன. டிராமின் சன்னலோரத்தில் ஒரு கிழவர் செய்தித்தாள் படிக்கிறார். அதன் தலைப்பெழுத்துக்கூட வாசிக்கும்படி இருக்கிறது. உண்மையில் நகரந்தான் நின்றது, அவர்தாம் சென்றார். படத்தில் அது மாறிவிட்டது. இரண்டு மழைக்காலம் அந்தச் சாலையோரத்தில் நின்றதற்கு அந்த ஒரு படம் போதும் என்று எங்களுக்குத் தோன்றியது.

ஹௌரா பாலத்தின் படம் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறோம். 1943-இல் திறந்த பாலம். அதன் அடியில் மல்லிக் காட் பூச்சந்தை. காமிரா வைத்திருப்பவர் எவரும் அங்கே போகாமல் இருப்பதில்லை. சாமந்தி மாலையும் இரும்புப் பாலமும் ஒரு சட்டத்துக்குள் வந்தால் படம் தானே அமைந்துவிடும். அதனாலேயே அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுக்கு மாட்டப் பலர் கேட்பதால் அதை வைத்திருக்கிறோம்; வாடகைக்கு உதவுகிறது.

அதற்கு அடுத்த படத்தில் கைரிக்‌ஷாக்காரர் ஒருவரின் முதுகு மட்டும் தெரிகிறது. முகம் எங்கே என்று கேட்பீர்கள். அவர் பீகாரிலிருந்து வந்தவர். இங்கே ஏதோ கிடங்கில் வேலை பார்ப்பதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். "முகம் வேண்டாம், பாபு, என் பெண்ணின் புருஷன் வீட்டார் பார்த்துவிடுவார்கள்" என்றார். முதுகை எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே திரும்பி நின்றார். அந்த முதுகில் சட்டை ஒட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். வறுமையைத் தேடிக் கொல்கத்தாவுக்கு வருகிற காமிராக்கள் மிகுதி. அவற்றுக்கு இந்நகரம் எப்போதும் ஏமாற்றம் தந்ததில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று, அவர் முகம் தெரியும் படம் இருந்தால் நல்ல விலை தருவதாக எழுதியது. முகம் இல்லை என்று பதில் எழுதினோம். அவர் முதுகைத் திருப்பும் முன்னால் எடுத்ததாக ஏதேனும் இருக்குமே என்று மறுபடியும் எழுதினார்கள். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அவர் முகத்தின் மேல் எங்களுக்கு என்ன உரிமை இருந்தது? ஆறு பிரதிகள் முதுகுப் படமாகவே போட்டு அவரிடம் கொடுத்தோம். ஒன்றைத் தம் வண்டி இருக்கையின் அடியில் வைத்திருக்கிறார்.

வலப்பக்கச் சுவரின் தொடக்கத்தில் வைக்கோல் பொம்மைகள் போல் தெரிவன குமார்டுலியில் எடுத்தவை. துர்க்கை பூசை இந்நகருக்கு எத்தகையது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் அது இடம் பெற்ற பின் குமார்டுலிச் சந்துகளில் சிற்பிகளைக் காட்டிலும் காமிராக்காரர்களே மிகுதியோ என்று ஐயுறும்படி கூட்டம் பெருகிவிட்டது. காமிராவுடன் வருவோர்க்கு அங்கே கட்டணச் சீட்டு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம்; வேலை செய்கிறவன் கையைத் தட்டிவிட்டுப் படம் எடுப்பவர்களை நாங்களே கண்டிருக்கிறோம். மகாளய நாளில் தேவிக்குக் கண் எழுதும் காட்சியை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் விசயதசமிக்குப் பிந்திய நாட்களில் ஆற்றங்கரைக்குச் சென்றோம். நீரில் இறக்கிய சில நாழிகையில் மண் கரைந்து, வண்ணம் போய், வைக்கோலும் மூங்கிலும் மரச்சட்டமும் வெளிப்படுகின்றன. அவற்றைக் கரைக்கு இழுத்து, உதவும் சட்டங்களை மறுபடியும் விற்கிறார்கள். அடுத்த ஆண்டின் தேவி அந்தச் சட்டத்தின் மேலேயே பிறக்கக் கூடும். நெற்றியில் மண் சிறிதும் இல்லாத ஒரு வைக்கோல் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு சிறுவன் படியேறி வரும் படம், இந்த ஐந்தாண்டுகளில் எங்களுக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. அவன் முகத்தில் பக்தியும் இல்லை, துயரமும் இல்லை. கூலி எவ்வளவு தேறும் என்ற கணக்கு இருக்கிறது. அதுவே அந்தப் படத்தை எங்களுக்கு நெருக்கமாக்குகிறது.

அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் திரும்பிய மாலையில்தான் எங்கள் அடுத்த வேலைக்கு வித்து விழுந்தது. அதே ஒன்பது இரவுகள், அதே தேவி. வங்காளி அவளை மண்ணாலே செய்து ஆற்றிலே விடுகிறான். நம் வீடுகளிலோ கொலு முடிந்ததும் ஒவ்வொரு பொம்மையையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வைக்கோலோ காகிதமோ திணித்து, தகரப் பெட்டியில் இட்டுப் பரணில் ஏற்றுகிறோம். ஒருவர் கரைத்து வாழ்கிறார். ஒருவர் காத்து வாழ்கிறார். எது மேல் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் காத்து வைத்ததைப் படம் எடுக்கலாம் அல்லவா?

இந்நகரிலுள்ள தமிழ் வீடுகளுக்குச் சென்று, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பொம்மைகளுள் மிகப் பழையது எதுவோ அதை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். இதுவரை நாற்பத்தொரு வீடுகள் ஆயின. பண்ருட்டி மண் பொம்மைகள், காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ்ப் பொம்மைகள், தாய் வீட்டுச் சீதனமாக வந்த மரப்பாச்சிகள் என்று எத்தனையோ கண்டோம். ஒரு செட்டியார் பொம்மையின் கடையில் இருந்த மளிகைச் சாமான்களுள் பாதி எலி தின்றுவிட்டது. எஞ்சியதை அந்த வீட்டு அம்மாள் அப்படியே வைத்திருக்கிறார். ஒரு கிருஷ்ணனுக்குக் கை ஒடிந்து, கோந்து வைத்து ஒட்டி, மறுபடியும் ஒடிந்து, இப்போது கை தனியே ஒரு தீப்பெட்டியில் இருக்கிறது. தீப்பெட்டியோடு சேர்த்தே எடுத்தோம். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பொம்மை என்று ஒரு பாட்டி சொன்னார். சென்னையிலிருந்து ஹௌரா வரை இரண்டு இரவுகள் அவர் காலை நீட்டவில்லையாம்.

விதி ஒன்று வைத்திருந்தோம்: பொம்மையை அதன் உடையவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கை தெரிந்தால் அளவும் தெரியும், வயதும் தெரியும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் என்ன நடந்தது என்றால், பொம்மையை நீட்டிவிட்டு அந்த அம்மாள் தம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "என்னை எதுக்கு எடுக்கறே? நான் என்ன அழகா? பொம்மையை எடும்மா" என்பார். நாற்பத்தொரு வீடுகளில் முப்பது வீடுகளிலாவது இதே வார்த்தையைக் கேட்டோம். இது எங்கள் உள்ளத்தை உறுத்தியது. ஏன் உறுத்தியது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கடையில் இரவு வேளையில் நடப்பதைச் சொல்ல வேண்டும்.

கடை சாத்தும் நேரத்தில், அல்லது சாத்திய பிறகு, யாரேனும் வந்து கதவைத் தட்டுவார். கண் சிவந்திருக்கும். கையிலே கைப்பேசி இருக்கும். "அம்மா இன்னிக்கு மத்தியானம் போயிட்டா. மாலை போட ஒரு படம் வேணும், அண்ணா" என்பார். கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். பேரன் பிறந்தநாள், புரி கடற்கரை, உணவு விடுதி, கல்யாண வரவேற்பு. அவ்வளவிலும் அம்மா இருப்பார். பாதி மறைந்து, பின்வரிசையில், பரிமாறிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு. நேராகப் பார்க்கும் படம் ஒன்று இராது. கடைசியில் ஒரு குழுப்படத்தைத் தேர்ந்து, "இதுல அம்மாவை மட்டும் பெரிசாக்கிக் கொடுங்கோ" என்பார்.

அது இயலாமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பத்து அங்குல உயரமும் எட்டு அங்குல அகலமும் உள்ள நல்ல படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3000-க்கு 2400 புள்ளி தேவை. கைப்பேசி எடுத்த மூலப் படத்தில் அவை இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் மற்றவர்க்கு அனுப்ப, அவர் இன்னொருவர்க்கு அனுப்ப, ஒவ்வொரு முறையும் படம் சுருங்கி இளைத்துப் போகிறது. இருபது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்குக் கிடைப்பது நூறு அல்லது நூற்றைம்பது புள்ளி. அதை ஒரு சாண் அளவுக்கு இழுத்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல்களே இருக்கும்.

2020-இலும் 2021-இலும் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வாறு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணவில்லை. கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ திருநெல்வேலியிலோ தாயோ தந்தையோ இறந்திருப்பார். ரயில் இல்லை, போக முடியாது. முகத்தைக் காண முடியாதவர்களுக்குப் படமாவது வேண்டும். கதவின் இடுக்கு வழியாகவே கைப்பேசியை வாங்கி, படத்தை அச்சிட்டு, அதே இடுக்கு வழியாக நீட்டினோம்.

இக்காலத்தில் அதற்கும் ஒரு வித்தை வந்துவிட்டது என்று நீங்கள் சொல்லக் கூடும். இல்லாத புள்ளிகளைக் கணிப்பொறியே நிரப்பித் தருகிறது. மங்கிய முகம் நொடியில் தெளிந்துவிடுகிறது. ஒரு பெண்மணி வேறொரு கடையில் அப்படிச் செய்து வாங்கிய தம் தாயாரின் படத்தை எங்களிடம் கொண்டு வந்தார். மிக அழகான படம். ஒவ்வொரு இமைமயிரும் தெரிந்தது. "எல்லாம் சரியா இருக்கு, ஆனா இது எங்கம்மா இல்லே" என்றார். உற்றுப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. நூறு புள்ளிகளில் என்ன இருந்ததோ அதைக் கணிப்பொறி அறியும். அந்த அம்மாளை அது அறியாது. ஆகவே உலகத்திலுள்ள கண்களுள் பொதுவான இரண்டை எடுத்து அங்கே பொருத்திவிட்டது. அந்தப் பெண்மணி இறுதியில் எங்களிடம் கேட்டது, பழைய மங்கலான படத்தையே சிறிதாக, உள்ளங்கை அளவில் போட்டுத் தரும்படி. அப்படியே செய்தோம்.

இதனால்தான் 2021-இன் இறுதியில் மூன்றாவது வேலையைத் தொடங்கினோம். வலப்பக்கச் சுவரின் நடுவில் உள்ள பதினான்கு முகங்களும் அதைச் சேர்ந்தவை. நம் சங்கத்துப் பெரியவர்களை, அவர்கள் நலமாக இருக்கும்போதே, அவர்கள் வீட்டிலேயே, அவர்களுக்குப் பிடித்த நாற்காலியில் இருத்தி எடுப்பது. கட்டணம் இல்லை. ஒரு படம் குடும்பத்துக்கு, ஒரு படம் சங்கத்துக்கு.

எடுக்கும் முறையைக் கேட்டார்கள். இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சன்னலோரம் நாற்காலியைப் போடுவோம். சன்னலுக்கு எதிர்ப்புறத்தில் முகத்தின் பாதி இருண்டிருக்கும். அங்கே ஒரு வெள்ளை எட்டு முழ வேட்டியைக் கொடியில் விரித்துத் தொங்கவிடுவோம். சன்னல் வெளிச்சம் அதில் பட்டு மெல்லத் திரும்பி முகத்தில் விழும். இந்த உபாயம் எங்கள் சொத்து அன்று. சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கொல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பாய்ச்சித் திருப்பி, நிழல் விழாத பகலொளியை உண்டாக்கினார். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு அதைக் கற்காமல் இருப்பது எப்படி? துணிக்குப் பதில் வேட்டி. அவ்வளவே எங்கள் பங்கு.

பிறகு பேச்சுக் கொடுப்போம். சிரிக்கச் சொல்வதே இல்லை. கொல்கத்தாவுக்கு வந்த முதல் நாள் எந்தத் தெருவில் தங்கினீர்கள் என்று கேட்போம். அதற்கு விடை சொல்லாத பெரியவரை நாங்கள் இன்னும் கண்டதில்லை. தெருவின் பெயரைத் தேடும்போது கண் மேலே போகும். கிடைத்ததும் கண் இறங்கி எங்களை நேரே பார்க்கும். அதுவே கணம். டல்ஹௌசி சதுக்கத்தில் நாற்பது ஆண்டு கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவர், குடை இல்லாமல் படம் எடுக்க இசையவில்லை. குடையோடு இருக்கிறார், பாருங்கள். வீட்டுக்குள் எதற்குக் குடை என்று அவர் மகன் கேட்டதற்கு, "அது இல்லாம என்னை யாருக்குடா அடையாளம் தெரியும்?" என்றார்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எண்பத்தாறு வயது. நாங்கள் போய் நாற்காலியைச் சன்னலோரம் நகர்த்தியதும், "ஏண்டா குழந்தே, இது நான் போனப்புறம் மாட்டறதுக்குத்தானே?" என்றார். மருமகள், "என்னம்மா இது, நல்ல நாளும் அதுவுமா" என்று பதறினார். எங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் பொய். பாட்டி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமாம், பாட்டி" என்றோம். "அப்படின்னா கொஞ்சம் இரு" என்று எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் ஆயிற்று. பச்சைப் பட்டுப் புடவை கட்டி, தலை வாரி, திருநீறு இட்டுக்கொண்டு வந்தார். "இது அவர் வாங்கிக் கொடுத்தது. இதுலதான் மாட்டணும். முன்னாடி கட்டிண்டிருந்தது சமையல் புடவை" என்றார். பிறகு நாங்கள் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே காமிராவை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கதவு சாத்தப்படவே இல்லை. மூன்றே படங்கள் எடுத்தோம், மூன்றும் தேறின.

சென்ற ஆண்டு ஆவணியில் பாட்டி காலமானார். எங்கள் கடைக் கதவை அன்றிரவு யாரும் தட்டவில்லை. பதின்மூன்றாம் நாள் போனபோது கூடத்தில் பச்சைப் புடவையோடு இருந்தார். அந்தப் படம் இந்தச் சுவரில் இல்லை. அது அந்த வீட்டுக்கு உரியது.

படம் எடுத்தாயிற்று, அது எவ்வளவு காலம் இருக்கும் என்பது அடுத்த கேள்வி. இதில் எங்களுக்குத் தந்தையாரின் பெட்டிகளே ஆசிரியர். அவர் 1960-களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் நேற்று எடுத்தவை போல் இருக்கின்றன; ஏனெனில் அவற்றில் உருவம் வெள்ளியாலானது. நன்றாகக் கழுவிய வெள்ளி அவ்வளவு எளிதில் சாகாது. 1970-களிலும் 80-களிலும் எடுத்த வண்ணக் கல்யாணப் படங்களைப் பாருங்கள். மணமகன், மணமகள், புரோகிதர், அக்கினி எல்லாரும் ஒரே செம்மண் நிறமாகிவிட்டார்கள். அக்கால வண்ணத்தாளில் நீலச்சாயம் முதலில் போய்விடும்; மிஞ்சுவது சிவப்பு. போதாக்குறைக்கு வங்காளத்து ஈரமும் பூஞ்சையும். பிசின் தடவிய பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஆல்பங்கள் அந்நாளில் பெருமையாக விற்றன. அவை படத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. உங்கள் வீட்டில் அத்தகைய ஆல்பம் இருந்தால் படத்தைப் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு கடைக்குக் கொண்டு வாருங்கள்; பக்கத்தோடு அப்படியே பிரதி எடுத்துத் தருகிறோம்.

தந்தையார் பெட்டிகளில் பிற்கால நெகட்டிவ்கள் சிலவற்றின் உறையில் 'இந்து' என்ற முத்திரை இருக்கும். உதகமண்டலத்தில் 1960-இல் மத்திய அரசு நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை வெளியிட்ட சரக்கு அது. நீலகிரியில் செய்த பிலிமில் காளிகட்டத்துக் கல்யாணங்களை எடுத்ததில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. அந்த ஆலை இன்று இல்லை. இந்நகரத்திலேயே, எஸ்பிளனேடுக்கு அருகில் இருந்த பார்ன் அண்ட் ஷெப்பர்டு நிலையம், உலகத்திலேயே மிகப் பழைய புகைப்பட நிலையங்களுள் ஒன்று, 2016-இல் மூடப்பட்டது. அதற்கு முன் 1991-இல் நேர்ந்த தீயில் அதன் பழம்படங்களில் பெரும்பகுதி அழிந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட முகங்கள்! அக்கட்டடத்தின் படம் வாயிலுக்கு எதிரே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. லின்னியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தபோது, 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாகப் பல படங்களாக எடுத்து, 21 பிரதிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நீண்ட சுருளாக ஆக்கினார். பெருங்காமிராவோடு நம் ஊர் வெயிலில் அவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அதற்குக் காரணம், அது தாளில் ஏறியது. பிரதிகள் பல ஆயின. ஒவ்வொன்றிலும் என்ன, எங்கே என்று எழுதப்பட்டது. எங்கள் கடைப் பெட்டியிலோ முந்நூறுக்கு மேற்பட்ட முகங்கள் பெயரில்லாமல் கிடக்கின்றன. நல்ல வெளிச்சம், நல்ல தாள், வெள்ளி மங்கவில்லை; யார் என்று மட்டும் தெரியவில்லை. அவற்றுள் இருபதை வாயிலருகே மேசையில் பரப்பியிருக்கிறோம். வயதானவர்கள் அருள்கூர்ந்து நின்று பார்த்து, யாரையேனும் இனங்கண்டால் பென்சிலால் பின்புறம் எழுதிவிட்டுச் செல்லுங்கள். காலையிலிருந்து இதுவரை மூன்று பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அவர்களுள் ஒருவர், தம்மைத் தாமே கண்டெடுத்தார்.

இனி அடுத்த ஏற்பாடு. தை மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 11 மணி வரை இம்மண்டபத்தின் பின்னறையில் இருப்போம். அந்த அறையின் வடக்குச் சன்னலை நாங்கள் பலநாள் பார்த்து வைத்திருக்கிறோம். மேகம் இருந்தாலும் நல்ல வெளிச்சம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் முதலில். வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே வருகிறோம். எந்தப் புடவை, எந்தச் சட்டை என்பதை அவரவரே முடிவு செய்யலாம்; பிள்ளைகள் குறுக்கிட வேண்டா. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அணிந்தே வாருங்கள். அதன் பளபளப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். குடை கொண்டு வரத் தடையில்லை.